ஹில்டாவின் தனி அடுப்பு

அத்தியாயம் 9

ஹில்டாவின் பெயரைக் குடும்ப அட்டையிலிருந்து எடுத்து மூன்று வாரம் ஆகிறது. சண்டை போட்டு எடுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து, பிரியாணி சாப்பிட்டுக்கொண்டே, நல்ல மனத்தோடு பேசி முடிவுசெய்து எடுத்தார்கள்.

போன வாரத்து இதழ் கைக்குக் கிடைக்காதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய் வருகிறேன். திருமுல்லைவாயிலில் கிறிஸ்துராஜ் கட்டிவிட்டுப் போன வீடு. கீழே அவருடைய மகன் ஜோஸ், மருமகள் ரெனிதா, இரண்டரை வயதுப் பேத்தி ஷைனி. மாடியில் இருக்கும் ஒற்றை அறையில் ஜோஸின் அக்கா ஹில்டா. நாற்பத்து நான்கு வயது, கல்யாணம் ஆகவில்லை.

ஷைனி பிறந்தபோது, "வேலைய விட்டுடுக்கா, உன்ன நாங்க பாத்துக்கறோம்" என்று தம்பி சொன்னான். பாடியில் இருக்கும் ஒரு கம்பெனியில் பதினாறு வருஷம் பார்த்த பேக்கிங் வேலையை ஹில்டா விட்டாள். போன மாதம் அதே கம்பெனியின் சூப்பர்வைசர் கஜபதி, ஆள் எடுக்கிறோம், வருகிற திங்கட்கிழமை வந்து சேர முடியுமா என்று கேட்டிருக்கிறார். ஹில்டாவுக்குப் போக ஆசை. அவள் போய்விட்டால் ஷைனியைப் பார்க்க ஆள் இல்லை. காப்பகத்தில் கேட்ட கட்டணம் ரெனிதாவின் சம்பளத்தில் பாதியைத் தின்றுவிடும்.

அந்த இடத்தில்தான் அரசாங்கம் கதைக்குள் வந்தது. வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவருக்கு மாதாமாதம் ஒரு தொகை தரும் புதுத் திட்டம். ரெனிதாதான் அதைத் தேடிப் பிடித்தாள். வெளியாள் எதற்கு, ஹில்டா அண்ணியையே பராமரிப்பாளராகப் போடலாம், அண்ணி கையிலும் சம்பளம் என்று ஒன்று வரும் என்றாள். ஆசையாகத்தான் சொன்னாள்.

ஒரே ஒரு விதி குறுக்கே நின்றது. ஒரே குடும்ப அட்டையில் பெயர் உள்ளவர், ஒரே சமையலில் சாப்பிடுகிறவர், பராமரிப்பாளராக இருக்க முடியாது. சொந்த வீட்டுப் பிள்ளையைப் பார்ப்பதற்கு அரசாங்கம் எதற்குக் காசு தர வேண்டும் என்று யாரோ ஒரு புத்திசாலி கேட்டிருக்கிறார்.

ஆகவே பெயர் போனது. இன்று வெள்ளிக்கிழமை. பகல் மூன்று மணிக்கு நேரில் பார்க்க அதிகாரி வருகிறார்.

*

காலை ஏழே முக்காலுக்கு ரெனிதா ஒரு கையில் தோள்பையும் மறு கையில் பாதி தின்ற இட்லியுமாக வாசலில் நின்றாள்.

"லீவு கேக்க முடியல அண்ணி. அடுத்த மாசத்துலேர்ந்து வாரம் அஞ்சு நாளும் ஆபீஸ் வரணும்னு மெயில் போட்டுட்டாங்க. இந்த நேரத்துல லீவுன்னு போய் நின்னா நல்லா இருக்காது."

"நீ போய்ட்டு வா. நான் பாத்துக்கறேன்."

"அந்த ஆபீசரம்மா கேட்டா, மாடியிலதான் தனியா சமைக்கறேன்னு மட்டும் சொல்லிடுங்க. அது போதும்."

"சொல்றேன்."

"பொய் சொல்லச் சொல்றேன்னு நெனைக்காதீங்க அண்ணி."

"நெனைக்கல," என்றாள் ஹில்டா. ஷைனி அவள் இடுப்பில் உட்கார்ந்து, அவள் காதுத் தோட்டைத் திருகிக்கொண்டிருந்தாள்.

ரெனிதா தெருமுனை வரை போய்த் திரும்பிப் பார்த்தாள். அண்ணியின் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தாள். எதுவும் தெரியவில்லை. கொஞ்ச நாளாகவே எதுவும் தெரிவதில்லை. அதை அமைதி என்று எடுத்துக்கொண்டு அவள் ரயிலைப் பிடிக்க ஓடினாள்.

ஜோஸின் கவலை வேறு. அவன் அக்காவுக்குப் பொய் சொல்ல வராது. கம்பெனியில் ஒருமுறை தாமதமாக வந்த நாளில் தோழி ஒருத்தி இவளுக்காகச் சரியான நேரத்தைப் பதிவேட்டில் எழுதி வைக்க, அதை அடித்துவிட்டுத் தாமதத்தை எழுதி, அரை நாள் சம்பளத்தைத் தொலைத்தவள் இவள். அப்படிப்பட்டவளை அதிகாரி முன்னால் நிறுத்தினால் என்ன ஆகும்? தனிச் சமையலா, அதெல்லாம் இல்லீங்க என்று உண்மையைப் போட்டு உடைத்துவிடுவாள். ரெனிதா வேலையை விடுவாள். வீட்டின்மேல் வாங்கிய கடன், மற்றதெல்லாம் அவன் ஒருவன் தலையில்.

அதனால் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு, கையில் கிடைக்கிற காகிதங்களையெல்லாம் சேர்த்து வைத்துவிடலாம் என்று கிளம்பினான். ஹில்டாவின் புதுக் குடும்ப அட்டை இன்னும் அச்சாகி வரவில்லை. அவர்களுடைய கத்தோலிக்கக் கோயிலில் கடிதம் வாங்கினால் துணைச் சான்றாக இருக்கும்.

கோயிலின் பங்கு அலுவலகத்தில் கணக்கர் இருதயராஜ் மின்விசிறிக்குக் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னாப்பா ஜோஸ், வேலைக்குப் போவல?"

"அரை நாள் லீவுண்ணே. ஒரு லெட்டர் வேணும். எங்க அக்கா தனிக் குடும்பம்னு."

"அந்த லெட்டர உங்க அக்காவே வந்து வாங்கினு போய்ட்டாங்களே. ரெண்டு வாரம் ஆவுது."

"அக்காவா?"

"ஆமாம்பா. உங்க கோயில் அட்டைலேந்து பேர எடுக்கச் சொல்லி, தனி அட்டை போட்டுக்கினாங்க. சந்தாவும் தனியா கட்டிட்டாங்க. குடும்பத் தலைவர் ஹில்டா, உறுப்பினர் ஒண்ணு. அடுத்த மாச அன்பியக் கூட்டத்தக் கூட எங்க ஊட்ல வைங்கன்னு எழுதிக் குட்த்துட்டுப் போய்க் கீறாங்க. உனக்குத் தெரியாதா?"

அன்பியம் என்பது அக்கம்பக்கத்துத் தெருக்களின் பத்துப் பதினைந்து கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்த குழு. மாதம் ஒரு வீட்டில் கூடி ஜெபிப்பார்கள், பிறகு அந்த வீட்டுக்காரர் கொடுக்கும் டீயைக் குடிப்பார்கள். அத்தனை பேரை அந்த மாடி அறையில் அக்கா எங்கே உட்கார வைப்பாள் என்று ஜோஸுக்குத் தோன்றியிருக்க வேண்டும். எங்க ஊடு என்று அவள் எதை எழுதிக் கொடுத்தாள் என்றாவது தோன்றியிருக்க வேண்டும்.

தோன்றவில்லை. ஒரு வேலை குறைந்தது என்றுதான் தோன்றியது.

"தெரியும்ணே," என்றான். அன்றைய நாளின் முதல் பொய் அதுதான். அதுவும் கோயில் வளாகத்துக்குள்.

திரும்பும் வழியில் பாத்திரக் கடையில் மூன்று லிட்டர் குக்கர் ஒன்று வாங்கினான். வீட்டுக்கு வந்து அக்காவிடம் நீட்டினான்.

"மேல வெச்சிடுக்கா. சமைக்கற எடம் மாதிரி தெரியணும்ல. ஒரு ஸ்டவ்வும் கீழேந்து தூக்கிக்கினு போய் வெச்சிடறேன்."

"ஸ்டவ் கீது."

"ரெடி பண்ணிட்டியா? சூப்பர்." ஜோஸ் குளிக்கப் போனான்.

ஹில்டா குக்கரைப் பெட்டியோடு பரணில் வைத்துவிட்டு, ஷைனிக்குப் பருப்புச் சோறு பிசைந்தாள்.

*

அதிகாரி புஷ்பா சரியான நேரத்துக்கு வந்தார். வெயிலில் முகம் கறுத்திருந்தது. ஒரு சொம்புத் தண்ணீரை நின்றவாக்கில் குடித்துவிட்டு வேலையை ஆரம்பித்தார். பிள்ளை தூங்கும் இடம், மருந்து வைக்கும் உயரம், குளியலறை வாளியில் தண்ணீர் நிற்கிறதா, எல்லாம் பார்த்தார். ஷைனியின் எடை அட்டையைப் புரட்டினார். ஷைனி அவருடைய பேனாவைக் கேட்டாள். கொடுத்தார்.

"பாப்பாவ நல்லா வெச்சிருக்கீங்க," என்று ஹில்டாவிடம் சொன்னார். "மேல போலாமா?"

ஜோஸ் இருவருக்கும் பின்னால் ஷைனியைத் தூக்கிக்கொண்டு படியேறினான். மாடி அறைக்கு அவன் வந்து ஐந்தாறு மாதம் இருக்கும்.

அறையின் மூலையில், ஜன்னலை ஒட்டி ஒரு கடப்பாக்கல் பலகை. அதன்மேல் ஒற்றை பர்னர் அடுப்பு, கீழே சின்ன சிலிண்டர். அடி கறுத்த ஒரு சட்டி. அரிசி ஒரு டப்பாவில், பருப்பு ஒரு டப்பாவில், புளி ஒரு பாட்டிலில். ஒரு தட்டு, ஒரு டம்ளர். சுவரில் ஆணி அடித்துக் கரண்டி மாட்டியிருந்தது. ஜோஸ் அந்த ஆணியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

புஷ்பா சட்டியின் மூடியைத் திறந்தார். காலையில் வைத்த ரசம் பாதி இருந்தது. அடுப்பைச் சுற்றித் தெறித்துக் காய்ந்த கறையை விரலால் சுரண்டிப் பார்த்தார்.

"பதினஞ்சு வீடு பாத்துட்டேன்," என்றார். "எல்லார் வீட்லயும் புதுக் குக்கர். மேல ஒட்டின ஸ்டிக்கரக் கூடப் பிரிச்சிருக்க மாட்டாங்க. அத வெச்சுக்கிட்டு, தனியாத்தான் சமைக்கறோம் மேடம்னு சொல்லுவாங்க. நாங்களும் என்ன பண்றது." ஹில்டாவைப் பார்த்தார். "நீங்க எத்தன நாளா தனியா சாப்பிடறீங்க?"

"இருவத்தோரு நாளா."

ஜோஸ் மூச்சு விட்டான். அக்கா இவ்வளவு அழகாகப் பொய் சொல்வாள் என்று அவன் கனவிலும் நினைக்கவில்லை.

புஷ்பா அவனிடம் திரும்பினார். "நீங்க பாப்பாவோட கீழ இருங்க. பராமரிப்பாளர்கிட்ட நான் தனியா பேசணும். கட்டாயப்படுத்திச் சேத்திருக்கீங்களான்னு கேக்கச் சொல்லி உத்தரவு."

"கட்டாயமா? எங்க அக்கா மேடம்."

"அதனாலதான் கேக்கணும்."

அவன் இறங்கிப் போனதும் புஷ்பா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். ஹில்டா நின்றுகொண்டே இருந்தாள்.

"சும்மா சொல்லுங்க. நெஜமாவே இருபத்தோரு நாளா இங்கதான் சாப்பாடா?"

"ஆமா மேடம். கீழ அவங்களுக்குச் சமைச்சு வெச்சுடுவேன். எனக்கு இங்க."

"எதுக்கு? எங்க கண்ணுக்குக் காட்டறதுக்குன்னா ஒரு நாள் வெச்சாப் போதுமே."

ஹில்டா கொஞ்சம் யோசித்தாள். "பேரு எடுத்தாச்சுன்னு போன்ல மெசேஜ் வந்துச்சு மேடம். அன்னிக்கிக் கீழ சாப்ட உக்காந்தேன். சோத்துல கை போவல. பேர எடுத்துக்கினு அங்கியே சாப்ட்டா அது ஏமாத்து வேலதானே. அதான் எழுந்து மேல வந்துட்டேன்."

"யாரும் கூப்பிடலையா?"

"கூப்புடுவாங்கன்னு பாத்தேன். ரெண்டு நாள் பாத்தேன். அப்புறம் அடுப்பு வாங்கினேன்."

புஷ்பா படிவத்தில் எதையோ எழுதப் போய், எழுதாமல் நிறுத்தினார். "வருத்தமா இருக்கா?"

"மொத வாரம் இருந்துச்சு. இப்ப ஒண்ணும் தெரில மேடம்."

அது உண்மை. முதல் வாரம் அவள் படியில் காலடிச் சத்தம் கேட்குமா என்று காது கொடுத்தபடி சாப்பிட்டாள். இரண்டாவது வாரம் கோபம் வந்தது. மூன்றாவது வாரம் கோபமும் போய்விட்டது. பல்லைப் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது. தொட்டால் தன் கன்னம் என்றே தெரியவில்லை. சமைத்தாள், சாப்பிட்டாள், தட்டைக் கழுவினாள். ஷைனியைத் தூக்கும்போது மட்டும் உள்ளே ஏதோ கொஞ்சம் அசைந்தது. அதுவும் இல்லாமல் போய்விடுமோ என்று பயமாக இருந்தது. அதை அதிகாரியிடம் சொல்லவில்லை.

"உங்க வீடு எல்லா விதிக்கும் சரியா இருக்கு," என்றார் புஷ்பா. "நான் பாத்ததுலயே சுத்தமான கேஸ் இதுதான். பணம் நேரா உங்க கணக்குக்கு வரும், வேற யாரும் தொட முடியாது. இதுல ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது. ஒரு வருஷத்துக்கு வேற வேலைக்குப் போகக் கூடாது, அது மட்டும் தெரிஞ்சுக்கோங்க."

ஹில்டா படிவத்தை வாங்கிப் பார்த்தாள். பராமரிப்பாளரின் சம்மதம் என்று மேலே இருந்தது. என் முழு விருப்பத்தோடு என்று ஆரம்பித்தது.

"யோசிச்சுச் சொல்லலாமா மேடம்?"

புஷ்பா வியக்கவில்லை. "திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள்ள ஆபீசுக்கு வந்துடணும். வரலேன்னா விண்ணப்பம் தள்ளுபடி. திரும்ப ஒரு வருஷம் கழிச்சுத்தான் போட முடியும்." கம்பெனியில் கஜபதி வரச் சொன்னதும் அதே திங்கட்கிழமைதான். புஷ்பா எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது, "ரசம் வாசனையா இருக்கு," என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

*

அதிகாரியைத் தெருமுனை வரை வழியனுப்பிவிட்டு வந்த ஜோஸ் முகமெல்லாம் சிரிப்பாக இருந்தான்.

"பின்னிட்டக்கா. இருவத்தோரு நாளுன்னு அடிச்ச பாரு, நானே நம்பிட்டேன்."

"அடிக்கல."

"இன்னா?"

"நெஜந்தான் சொன்னேன்." ஹில்டா கொடியிலிருந்த ஷைனியின் துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

ஜோஸ் சிரித்தான். அக்கா சிரிக்காததால் நிறுத்தினான். "இல்லக்கா, போன ஞாயித்துக்கெழம மட்டன் செஞ்சமே."

"செஞ்சேன்."

"நீயும்தான சாப்ட்ட?"

ஹில்டா ஒரு சின்னச் சட்டையை மடித்து அடுக்கின்மேல் வைத்தாள்.

ஜோஸ் நாற்காலியில் உட்கார்ந்து நினைத்துப் பார்த்தான். மட்டன் நினைவிருந்தது. எலும்பை ரெனிதா அவன் தட்டில் போட்டது நினைவிருந்தது. ஷைனி தண்ணீரைக் கொட்டியது, ஒரு சண்டை, ஒரு சிரிப்பு, எல்லாம் இருந்தது. அக்கா எங்கே உட்கார்ந்திருந்தாள் என்று தேடினான். அதற்கு முந்தைய ஞாயிறு தேடினான். வாரநாள் இரவுகளில் தேடினான். மாத்திரை போடணும் என்று சொல்லிவிட்டு அக்கா படியேறும் முதுகு மட்டும் கிடைத்தது.

அந்த நேரத்தில் ரெனிதாவின் போன் வந்தது.

"என்னாச்சு? ஓகேயா?"

"ஓகேதான். அக்கா சைன் மட்டும் பாக்கி." ஜோஸ் எழுந்து வாசலுக்குப் போய்க் குரலைத் தாழ்த்தினான். "ரெனி, அக்கா நம்மகூட சாப்ட்டு மூணு வாரம் ஆவுது. நெஜமாவே மேல சமைச்சுச் சாப்ட்டுக்கினு இருந்திருக்கா."

"யாரு சொன்னா?"

"அந்த ஆபீசரம்மா கேட்டாங்க. அக்கா சொன்னா."

மறுமுனையில் யாரோ மீட்டிங்குக்குக் கூப்பிடுவது கேட்டது. பிறகு ரெனிதா, "வரேன்," என்று வைத்துவிட்டாள்.

*

பட்டரவாக்கத்தில் ரயில் ஏறினால் திருமுல்லைவாயில் இரண்டாவது நிறுத்தம். அந்தக் கொஞ்ச நேரம் ரெனிதாவுக்குப் போதுமானதாக இருந்தது. வாசல் கம்பியைப் பிடித்து நின்றவளுக்குச் சோறு நினைவுக்கு வந்தது.

மூன்று வாரத்துக்கு முன்னால் தினமும் இரவில் சோறு மீந்தது. ஒரு ஆள் சாப்பாட்டுக்குச் சரியாக மீந்தது. மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அவளே சொன்னாள், "அண்ணி, அரிசி கொஞ்சம் கம்மியாப் போடுங்க, வேஸ்ட் ஆகுது." சரி என்றாள் ஹில்டா. மறுநாளிலிருந்து மிஞ்சவில்லை. அண்ணிக்கு அளவு தெரிந்துவிட்டது என்று அவள் சந்தோஷப்பட்டதும் நினைவிருக்கிறது.

அம்பத்தூரில் கூட்டம் இறங்கி வேறு கூட்டம் ஏறியது. யாரோ அவள் காலை மிதித்தார்கள். வலித்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை.

தூத்துக்குடியிலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில், இந்த ஊர்ச் சாப்பாடு பிடிக்காமல் ராத்திரி பட்டினியாகப் படுத்தவளுக்கு ஹில்டாதான் தேங்காய் அரைத்து மீன் குழம்பு வைக்கக் கற்றுக்கொண்டு வந்து வைத்துக் கொடுத்தாள். அவள் ஒரு வேளை சாப்பிடாததை அண்ணி முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாள். ரெனிதாவுக்கு அண்ணியைக் கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆகியிருக்கிறது, அதுவும் ஒரு அரசு அதிகாரி கேட்டுச் சொல்லி.

வெட்கமாக இருந்தது. அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. என்ன சொல்ல வேண்டும் என்பதை மட்டும் வாய்க்குள் தயார்செய்துகொண்டே வந்தாள். மன்னிச்சிருங்க அண்ணி. கீழ வாங்க அண்ணி. இந்தப் பணமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்.

கடைசி வாக்கியம் உண்மைதானா என்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. ஆனாலும் சொல்லிவிடுவது என்று இருந்தாள்.

வீட்டில் ஜோஸ் ஷைனிக்குக் கார்ட்டூன் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தான். பையைக்கூட இறக்காமல் அவள் நேராக மாடிப்படி ஏறினாள். வெளிச்சம் இன்னும் இருந்தது. அறைக் கதவு திறந்துதான் கிடந்தது.

ஹில்டா தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒரு தட்டு. ரசம், சோறு, ஒரு அப்பளம். பக்கத்தில் கட்டிலின்மேல் படிவம் கிடந்தது, அதன்மேல் ஒரு பேனா. கையெழுத்துப் போட வேண்டிய கட்டம் வெள்ளையாக இருந்தது.

ரெனிதாவின் கண் அங்கே போனது.

"அண்ணி, இன்னும் சைன் பண்ணலையா?"

வாயிலிருந்து வந்துவிட்டது. ரயிலில் தயார்செய்த எதுவும் வரவில்லை, இதுதான் வந்தது. தன் குரல் தன் காதில் விழுந்தது.

ஹில்டா நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, குத்தலும் இல்லை. கரண்ட் பில் எப்போது கட்டணும் என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னாள்.

"திங்கக்கெழம சாயங்காலம் வரைக்கும் டைம் குட்த்துக் கீறாங்க."

குனிந்து அடுத்த வாய்ச் சோற்றைப் பிசைந்தாள்.

ரெனிதா நிலைப்படிக்கு வெளியே நின்றாள். உள்ளே வா என்று ஹில்டா சொல்லவில்லை. இத்தனை வருஷத்தில் இந்த அறைக்குள் வர யாரும் யாரையும் கேட்டதில்லை, கூப்பிட்டதும் இல்லை. இப்போது கூப்பிடாமல் உள்ளே போகலாமா கூடாதா என்று ரெனிதாவுக்குத் தெரியவில்லை. கழற்றிய செருப்பைத் திரும்ப மாட்டிக்கொள்ளாமலும், உள்ளே போகாமலும், அடுத்தவர் வீட்டு வாசலில் நிற்பது போல நின்றுகொண்டிருந்தாள்.